மதில் இருந்த இடத்தில் வீதி: மதுரை நகர மையம் மாற்றிக் கட்டப்பட்ட வரலாறு

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவில் வைத்து, ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுர வீதிகள் அமைந்த நகரம் மதுரை என்று பள்ளிப் பாடநூல் முதல் சுற்றுலாக் கையேடு வரை எல்லாமே சொல்கின்றன. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, அதற்கு வெளியே முறையே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதி என்ற இந்த வரிசையைக் காண்பவர்களுக்கு, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் அரசன் ஒரே மூச்சில் வரைந்து முடித்த நகரம் இது என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. ஆனால் வெளி வீதிகளுக்கும், அவற்றுக்கும் மாசி வீதிகளுக்கும் இடையே ஓடும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவற்றுக்கும் இன்னும் 200 வயது முழுதாக நிறையவில்லை. மாசி வீதி வரையிலான உட்பகுதி திருவிழாவுக்கும் தேரோட்டத்துக்குமாக அமைந்தது. அதற்கு அப்பாலுள்ள வளையம் ஒரு கோட்டையை இடித்ததால் கிடைத்தது. வீதிகளைச் சதுரம் என்று சொல்வதும் ஒரு வசதிக்குத்தான்; அளந்து பார்த்தால் பக்கங்கள் கோணியும் வளைந்தும் செல்வதையும், மூலைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராததையும் காணலாம்.

இந்த மையப்பகுதி நாயக்கர் காலத்திலிருந்து இன்றுவரை பலமுறை இடித்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு, பணம் வந்த வழி வேறு. இடிப்பில் கிடைத்த நிலம் யார் கைக்குப் போயிற்று என்பதை வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த மாற்றங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது புலப்படும்.

பாண்டியர் காலத்துக் கோட்டை, நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டையைவிடச் சிறியது. 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு அடித்தளமிட்ட விசுவநாத நாயக்கர் பழைய மதிலை அகற்றி, மேலும் விரிந்த பரப்பைச் சுற்றி இரட்டை மதிலும் அகழியும் கொண்ட புதிய கோட்டையை எழுப்பினார். அதில் 72 கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து முன்னே நீண்டு எதிரியைப் பக்கவாட்டில் தாக்க உதவும் காவல் மேடைகள், இருந்தன என்றும், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் விடப்பட்டது என்றும் மரபுச் செய்திகள் கூறும். பழைய கோட்டை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதன் கிழக்கு நுழைவாயிலை மட்டும் இடிக்காமல் விட்டதால் ‘விட்டவாசல்’ என்று பெயர் பெற்ற கட்டடம், கோயிலுக்குக் கிழக்கே நெருக்கமான கடைகளுக்கு நடுவில் இன்றும் நிற்கிறது. பழைய எல்லையைத் தாண்டி வெளியே ஒரு புதிய எல்லையை வகுத்துக்கொண்டு, நடுவிலிருப்பதைப் பெரிதும் தொடாமல் விடும் இந்த முறை மதுரையில் பிற்காலத்திலும் திரும்பத் திரும்பக் கையாளப்பட்டது.

நாயக்கர் காலத்து நகருக்குத் தனியே எழுதிவைத்த கட்டட விதி எதுவும் தேவைப்படவில்லை. விதியின் வேலையைத் திருவிழா செய்தது. ஆவணி மூலத் திருவிழாவின் உலா ஆவணி மூல வீதிகளில் நடக்கிறது. சித்திரைத் திருவிழாவின் தேர்கள் மாசி வீதிகளில் ஓடுகின்றன. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு அடுத்தடுத்து வருமாறு அமைத்தார் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அறுவடை முடிந்து சுற்றுப்புற ஊர்களின் மக்கள் ஓய்வாக இருக்கும் மாதத்தில்தான் பெருந்தேர்களை வடம் பிடிக்க ஆள் கிடைப்பார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. மாத மாற்றத்துக்குப் பின்னும் வீதியின் பெயர் மாறவில்லை. அதனால் மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓடுகிறது.

தேர் ஒரு வீதியில் ஓட வேண்டுமானால் அந்த வீதியின் அகலம் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாகக் காலியாக இருக்க வேண்டும். மூலைகளில், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் திசை திருப்பும் அளவுக்கு இடம் வேண்டும். மேலே குறுக்கே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. திண்ணையைச் சற்று முன்னே இழுத்துக் கட்டியவரும், பந்தலை நிரந்தரமாக்கிக்கொண்டவரும் தேர் வரும் நாளில் பின்வாங்கியே ஆக வேண்டும். ஒரு நகராட்சி அலுவலர் அறிவிக்கை கொடுத்து அகற்ற முடியாத ஆக்கிரமிப்பைத் தேர் அகற்றியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. மின்சாரம் வந்த பிறகு, தேரோட்டத்தின்போது கம்பிகளைக் கழற்றி மாட்டுவதும் இந்த வழக்கத்தின் பகுதியாயிற்று. தேர் ஓடாத குறுக்குச் சந்துகளில் வீடுகள் இருபுறமும் நெருங்கி நெருங்கி ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வந்துவிட்டதையும், தேரோடும் மாசி வீதிகள் அகலம் குன்றாமல் நின்றதையும் ஒருங்கே பார்த்தால் இந்த வழக்கத்தின் வலிமை விளங்கும்.

திருமலை நாயக்கர் காலத்தில் இரு பெருங்கட்டடங்கள் எழுந்தன. கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காகக் கட்டப்பட்ட புதுமண்டபம் ஒன்று. நகரின் தென்கிழக்கில், 1636இல் கட்டி முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அரண்மனை மற்றொன்று. அரண்மனையின் பிற்கால வரலாறு, கட்டடப் பொருள்கள் கைமாறிய வரலாறாகவே இருக்கிறது. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பெயர்த்து அங்கே கொண்டுசென்றார். எஞ்சியது சிதைந்து, அதன் மேலும் நடுவிலும் தெருக்கள் படர்ந்தன. இன்று திருமலை நாயக்கர் மகால் என்ற பெயரில் காணப்படுவது மூல அரண்மனையின் ஒரு சிறு பகுதிதான். மகாலிலிருந்து சற்றுத் தள்ளி, ஆயத்த ஆடைக் கடைகள் நெருங்கிய ஒரு சந்தில் வரிசையாக நிற்கும் உயரமான கற்றூண்கள் அந்த அரண்மனையைச் சேர்ந்தவையே. பத்துத்தூண் சந்து என்று அந்த இடத்துக்குப் பெயர் வழங்குகிறது. மேலே தாங்குவதற்கு ஒன்றுமில்லாத அந்தத் தூண்களை ஒட்டியே கடைகள் சரக்கை அடுக்கி வியாபாரம் செய்கின்றன. மகாலை மேலும் அழியாமல் காத்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. அவர் காலத்தில் பழுதுபார்க்கப்பட்ட கட்டடம் நீதிமன்றங்களுக்கு இடமளித்தது. பயன்பாடு ஒன்று கிடைத்ததால்தான் அது பிழைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டை பல முற்றுகைகளைக் கண்டது. மருதநாயகம் என்று அறியப்படும் யூசுப்கான் 1763–64இல் இந்தக் கோட்டைக்குள்ளிருந்து ஆற்காட்டு நவாபின் படையையும் கிழக்கிந்தியக் கும்பினியின் படையையும் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றார்; உள்ளிருந்தவர்களே காட்டிக்கொடுத்த பின்னர்தான் அவர் பிடிபட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மதுரை மதில் எவ்வளவு உறுதியானது என்பதைக் கும்பினியார் நேரில் அறிந்துகொண்ட நிகழ்ச்சி அது. 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் தென்பாண்டிச் சீமையின் பாளையக் கோட்டைகள் தரைமட்டமாக்கப்பட்டன. மதுரைக் கோட்டை அப்போது தப்பியது. ஆனால் போருக்கு வேலையில்லாத நிலத்தில் கோட்டை ஒரு சுமையாயிற்று. மதிலைப் பழுதுபார்க்கச் செலவு, பார்க்காவிட்டால் இடிபாடு. அகழியில் நீர் தேங்கிப் பாசி பிடித்தது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி, கோயம்புத்தூர் வட்டாரங்களைத் தாக்கிய கொள்ளைக் காய்ச்சல் பெருந்தொகையினரைக் கொன்றது. கெட்ட காற்றிலிருந்து நோய் பரவுகிறது என்று அக்கால மருத்துவம் நம்பியதால், தேங்கிய அகழியும் காற்றோட்டத்தைத் தடுக்கும் மதிலும் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவது இயல்பாயிற்று. கொசுவால் பரவும் நோயைக் காற்றின் மேல் ஏற்றிச் சொன்ன கணிப்பு தவறானதுதான் என்றாலும், அகழியைத் தூர்க்க வேண்டும் என்ற முடிவு தற்செயலாகச் சரியாக இருந்தது.

1834 முதல் 1847 வரை மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் காலத்தில், 1837ஆம் ஆண்டையொட்டி, கோட்டை இடிப்பு தொடங்கியது. மைல் கணக்கில் நீளும் மதிலையும் மண் கரையையும் கூலி கொடுத்து இடிப்பதென்றால் கருவூலம் தாங்காது. இடித்த மண்ணையும் கல்லையும் கொண்டுபோய்க் கொட்டவும் இடமில்லை. பிளாக்பர்ன் கண்ட வழி எளியது. மதிலும் அகழியும் இருந்த பரப்பு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. மதிலின் ஒரு பகுதியை இடித்து அதை ஒட்டிய அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த நிலமே தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மதிலின் மண் அகழிக்குள் போயிற்று. கல் புதிய வீட்டின் கடைக்காலுக்குப் போயிற்று. அரசுக்குப் பெருஞ்செலவின்றி மதில் கரைந்தது. இடிப்பதற்கு ஆள் தேட வேண்டிய தேவையும், இடித்த பின் குடியேற்ற ஆள் தேட வேண்டிய தேவையும் இல்லாமல், இரண்டையும் ஒரே ஆள் செய்யுமாறு அமைந்ததுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

இப்படிக் கிடைத்த வளையத்தில் மூன்று சுற்று வீதிகள் உருவாயின. வெளிப்புறத்தில் அமைந்தவை வெளி வீதிகள் எனப்பட்டன. மற்ற இரு சுற்றுகளுக்கும் பணியை நடத்திய இருவரின் பெயர்கள் வைக்கப்பட்டன: நில அளவையைக் கவனித்த மாரட் என்ற ஐரோப்பியர் ஒருவர், வேலையாட்களை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி மற்றொருவர். மேஸ்திரி என்பது கொத்தர், தச்சர் முதலியோரைக் கூட்டி வேலை வாங்கும் தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் சொல். ஆளுநர்களுக்கும் ஆட்சியர்களுக்கும் பெயர்வைத்த காலத்தில், கட்டுமானக் களத்தில் நின்று வேலை வாங்கிய ஒருவரின் பெயர் நகரத்தின் நான்கு பக்கங்களிலும் ஓடும் வீதிகளுக்கு நிலைத்துவிட்டது என்பது தமிழக நகரங்களில் அரிதாகக் காணப்படும் செய்தி; ஆட்சியருக்குக் கிடைத்த நினைவுச் சின்னமோ ஒரு விளக்குத்தூண் மட்டுமே. நகர மக்கள் நன்றியாக எழுப்பியதாகச் சொல்லப்படும் அந்தத் தூண் மகாலுக்கு அருகில் இன்றும் இருக்கிறது. அந்தப் பகுதிக்கே விளக்குத்தூண் என்று பெயர் வழங்குகிறது. அங்கே துணி வாங்கப் போகிறவர்களுள் பெரும்பாலோருக்கு அந்தத் தூண் யாருக்காக எழுந்தது என்பது தெரியாது.

கோட்டை போன பின்னும் அதன் வாயில்கள் பெயரளவில் நிற்கின்றன. கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று இன்று பேருந்து நடத்துனர் குரல் கொடுக்கும் இடங்களில் வாசல் எதுவும் இல்லை. நகரின் மேற்கில், பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி, மதிலின் ஒரு துண்டு மட்டும் எஞ்சி நிற்கிறது.

வியன்னா நகரின் கோட்டை மதில்களை இடிக்க ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சு யோசப்பு ஆணையிட்டது 1857இல். அதாவது மதுரையில் இடிப்பு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. அங்கே கிடைத்த மனைகள் செல்வர்களுக்கு விற்கப்பட்டு, அந்தப் பணத்தில் அரங்குகளும் அருங்காட்சியகங்களும் எழுந்தன. நகரமைப்பு வரலாற்று நூல்கள் அதைப் பக்கம் பக்கமாகப் போற்றுகின்றன. மதுரையின் இடிப்பு அந்த நூல்களில் இடம்பெறுவது அரிது. மதுரையில் மாளிகைகள் எழவில்லை என்பது உண்மைதான். கையில் கடப்பாரை இருந்தவனுக்கும், கூலிக்கு ஆள் வைக்க முடிந்தவனுக்கும் மனை கிடைத்தது. இவர்களுள் எத்தனை பேர் முதல் வகையினர், எத்தனை பேர் இரண்டாம் வகையினர் என்ற கேள்வியை எழுப்பாமல் பிளாக்பர்னின் ஏற்பாட்டை வெறும் தாராள மனமாகக் கொண்டாடுவது சரியாகாது. கும்பினிக்கு இதில் இழப்பு எதுவுமில்லை. ஒரு கலகக் கோட்டையும், அதன் பராமரிப்புச் செலவும் ஒரே வேளையில் தீர்ந்தன. மனைகளில் வீடும் கடையும் பெருகியபின் அவற்றின் மேல் வரி விதிக்கவும் வழி பிறந்தது.

வரி வாங்கும் அமைப்பு முறையாக வந்தது 1866இல். 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மதுரை நகராட்சி 1866 நவம்பரில் நிறுவப்பட்டது. 1871இல் ஏறத்தாழ 52,000 பேர் வாழ்ந்த நகரம், 1901இல் 1,06,000 பேரைக் கொண்டதாக இருமடங்கானது. இந்த முப்பது ஆண்டுகளின் வளர்ச்சிக்கு முதற்காரணம் இருப்புப்பாதை. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த பாதை 1875இல் மதுரையை எட்டியது. நிலையம் அமைந்த இடம் மேல வெளி வீதிக்கு அப்பால், பழைய மதிலுக்கு வெளியே.

அதனால் நகரின் முன்புறம் பின்புறமாயிற்று. கோயில் கிழக்கு நோக்கியது. புதுமண்டபமும், முடியாமல் நின்ற இராயகோபுரமும் கிழக்கில். கீழவாசல், நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை ஆகிய மொத்த வணிக இடங்களும் கிழக்கை ஒட்டி. பேட்டை என்பது சரக்கு வந்து இறங்கி மொத்தமாக விலைபோகும் இடம். இருப்புப்பாதை வந்தபின் யாத்திரிகர்கள் மேற்கிலிருந்து வரத் தொடங்கினர். நிலையத்துக்கு எதிரே இராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இருந்தது. நிலையத்திலிருந்து கோயிலை நோக்கிச் செல்லும் டவுன்ஹால் ரோடு நகரின் புதிய கடைத்தெருவாயிற்று. கூடலழகர் பெருமாள் கோயிலின் தெப்பக்குளம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது; ஆனால் சுற்றிலும் கடைகள் எழுந்து மறைத்துவிட்டதால், கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து செல்லும் ஒருவர் அங்கே ஒரு குளம் இருப்பதை அறியாமலே கடந்துபோவார். உட்பகுதியில் தேர் காத்த ஒழுங்கு, தேர் வராத இந்த மேற்குப் பகுதிக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

கிழக்கோ அழிந்துபோகவில்லை, அது சரக்கின் பக்கமாக நிலைத்தது. பழைய கோட்டை நிலத்தில் பிறந்த கீழமாரட் வீதி வெங்காய மொத்த வணிகத்துக்கும், கீழமாசி வீதி மளிகை மொத்த வணிகத்துக்கும் பெயர் பெற்றன. மேற்கில் மேலமாரட் வீதியும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியும் விடுதிகளின் வீதிகளாயின. வைகையின் குறுக்கே 1889இல் கட்டி முடிக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் வடகரையைத் திறந்துவிட்டதும், ஆட்சியர் அலுவலகம், கல்லூரி, வசதியுள்ளோர் வீடுகள் என்று அலுவல் நகரம் ஆற்றுக்கு அப்பால் வளர்ந்தது. அதனால் மையத்தை இடித்துத்தான் புதியது கட்ட வேண்டும் என்ற நெருக்கடி மதுரைக்குப் பல காலம் எழவில்லை.

ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914–15இல் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதியபோது மதுரையையும் ஆராய்ந்தார்.  நெருக்கமான பழைய குடியிருப்பின் நடுவே நேர்கோட்டில் அகலச் சாலையை வெட்டிக்கொண்டு போவதுதான் அன்றைய பொறியாளர்கள் அறிந்த மேம்பாடு. கெடிஸ் அதை எதிர்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, சிறு முற்றங்களைத் திறந்து, மரம் வைத்து, சந்துகளை ஒன்றோடொன்று இணைத்தாலே குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் வரும் என்றார். உடலைச் சிதைக்காமல் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவத்தின் பெயரால் அந்த முறையை அழைத்தார். தென்னிந்தியக் கோயில் நகரங்களின் தேர்வீதிகளை அவர் மிகவும் மதித்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் தீட்டப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் புறநகர் மனைப்பிரிவுகளுக்கே பயன்பட்டன. கெடிசின் யோசனை மதுரையின் சந்துகளுக்குள் நுழையவில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மையத்தின் உருவை மாற்றியவை திரையரங்குகள். கோயில் மண்டபத்துக்கு அடுத்தபடியாக ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் அமரும் கட்டடம் மதுரைக்கு அப்போதுதான் வந்தது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952இல் எழுந்த தங்கம் திரையரங்கம் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டது. ஆசியாவின் மிகப் பெரிய அரங்குகளுள் ஒன்று என்று மதுரைக்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டனர். 1952 தீபாவளிக்கு வெளியான ‘பராசக்தி’ அங்கேதான் ஓடியது. பிற்காலத்தில் அது மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பெரிய ஜவுளி மாளிகை எழுந்தது. ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் சிந்தாமணி அரங்கத்தின் முடிவும் ஜவுளிக்கடையே. கோட்டை நிலத்தில் பிறந்த சிறு மனைகளுக்கு நடுவே, ஒரு பெரிய மனையை மொத்தமாக ஒருவரே வைத்திருந்தது அநேகமாகத் திரையரங்குகள் மட்டும்தான். அதனால் பல மாடி வணிகக் கட்டடத்துக்கு இடம் தேடியவர்கள் அவற்றை நாடினர்.

மற்ற மனைகளில் நடந்தது வேறு. முகப்புக் குறுகி உள்நீளம் மிகுந்த வீட்டு மனை, பாகப்பிரிவினையில் மேலும் குறுக, தரைத்தளம் கடையாகவும் மேல்தளங்கள் விடுதியாகவும் சரக்கறையாகவும் மாறின. கோபுரங்களை மறைக்கும் அளவுக்கு இவை உயர்ந்ததால், கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது என்று 1997இல் அரசாணை பிறந்தது. ஆணை பிறந்த பின்னும் எழுந்த உயரக் கட்டடங்கள் குறித்த வழக்குகள், 2004இல் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்துகொண்டே இருக்கின்றன. தேர் தன் வீதியைத் தானே காத்துக்கொண்டது. கோபுரத்தின் வானத்தைக் காக்க அப்படி ஒரு வழக்கம் இல்லை, ஆணைதான் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நகரின் எந்த மொட்டைமாடியில் நின்று பார்த்தாலும் காணலாம்.

1971 மே மாதம் மதுரை, சென்னைக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது மாநகராட்சியாயிற்று. அதன்பின் மையத்தின் நெரிசலுக்கு மாநகராட்சி கண்ட மருந்து, ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவது. வெளியூர்ப் பேருந்துகள் நகரின் பல நிலையங்களில் பிரிந்து நின்று, பயணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்த நிலையில், 1999இல் வடகிழக்கே மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. கோயிலுக்கு அருகே வடக்கு ஆவணி மூல வீதியை ஒட்டியிருந்த சென்ட்ரல் மார்க்கெட் என்ற காய்கறிச் சந்தையும் 2010ஆம் ஆண்டையொட்டி மாட்டுத்தாவணிக்குப் போயிற்று. இப்படி வெளியேறியவை விட்டுச் சென்ற வெற்றிடங்களே அடுத்த கட்டக் கட்டுமானத்துக்கு நிலமாயின.

2015இல் நடுவண் அரசு தொடங்கிய பொலிவுறு நகரத் திட்டம், பேச்சு வழக்கில் ஸ்மார்ட் சிட்டி, 2016 செப்டம்பரில் மதுரையைத் தேர்ந்தெடுத்தது. மாநகராட்சியின் துணையாக ஒரு தனி நிறுவனத்தை அமைத்து, நடுவண் அரசும் மாநில அரசும் தரும் நிதியைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட பகுதியைச் செம்மைப்படுத்துவது இத்திட்டத்தின் முறை. மதுரையில் அந்தப் பகுதி கோயிலைச் சுற்றிய பழைய நகரம். சித்திரை வீதிகளில் வண்டிகள் நிறுத்தப்பட்டுக் கல் பாவப்பட்டது. பழைய காய்கறிச் சந்தை இருந்த இடத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் எழுந்தது. பெரியார் பேருந்து நிலையம் 2019இல் இடிக்கப்பட்டு, புதிய கட்டடம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. நகரின் மேற்கு முகப்பான அந்த இடம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தகர வேலிக்குள் இருந்தபோது பேருந்துகள் சுற்றியுள்ள வீதிகளில் நின்றன; நிலையத்தை நம்பிய கடைக்காரர்கள் கலைந்தனர்.

புதுமண்டபத்தின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத் தக்கது. வசந்த விழாவுக்குக் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கிடையே, தலைமுறைகளாக, முந்நூறு அளவில் கடைகள் இருந்தன. பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல்கடை ஆகியவற்றோடு, தையல்காரர்கள் வரிசையாக இயந்திரங்களைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தனர். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுவோரின் பளபளக்கும் உடைகளும், சாமிக்கான தொம்பைகளும் குடைகளும் அவர்கள் கையில் உருவாயின. அந்தத் தையல்காரர்களுள் இசுலாமியர் பலர். நாயக்க மன்னர்களின் சிலைகள் நின்ற தூண்களில் துணி தொங்கியது கலை வரலாற்றாசிரியர்களை உறுத்தியது உண்மை. அதே வேளையில், மண்டபத்தை ஆண்டு முழுவதும் ஆள் புழங்கும் இடமாக வைத்திருந்ததும் அந்தக் கடைகள்தாம். 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் மூண்ட தீ, அங்கிருந்த கடைகளையும் மண்டபத்தின் கூரையையும் பாழாக்கியபின், கோயிலுக்குள்ளும் கோயிலைச் சேர்ந்த மண்டபங்களிலும் கடைகள் இருப்பதை யாரும் ஆதரித்துப் பேச முடியாமற்போயிற்று. மாநகராட்சிக்குச் சொந்தமான குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் அடுக்குகளாகப் புதிய வணிக வளாகம் கட்டப்பட்டு, புதுமண்டபத்துக் கடைகள் அங்கே மாற்றப்பட்டன.

பிளாக்பர்ன் காலத்து இடிப்பையும் இந்த இடமாற்றத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. அன்று மதிலை இடித்தவர் நிலத்துக்கு உரியவரானார். தான் கட்டியதைத் தானே கூட்டினார், குறைத்தார், விற்றார், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த வீதிகள் ஒழுங்கற்றவை. ஆனால் வெங்காய மண்டி, விடுதி, அச்சகம், உணவகம் என்று காலத்துக்கேற்ப மாறும் திறன் அவற்றுக்கு இருந்தது. இன்று நிலமும் கட்டடமும் மாநகராட்சியிடம் இருக்க, வணிகர் வாடகைதாரராக மேல்தளம் ஏறுகிறார். நடந்து போகிறவர் கண்ணில் படும் தரைமட்டக் கடைக்கும், படியேறிப் போக வேண்டிய கடைக்கும் வியாபாரத்தில் உள்ள தொலைவைத் தையல்காரரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. மண்டபத்தைக் காலிசெய்தது தேவையான செயல்தான். தரைமட்டத்தில் பிழைத்த தொழிலுக்குத் தரைமட்டத்திலேயே ஓர் இடம் என்ற எண்ணம் வரைபடத்தில் இருந்திருக்கலாம்.

கட்டுமானம் மேற்கில் இன்னும் ஓயவில்லை. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட இரயில் நிலைய மறுகட்டமைப்பும், திருமங்கலத்துக்கும் ஒத்தக்கடைக்கும் இடையே சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு, நகர மையத்தில் நிலத்தடியில் செல்வதாக வரையப்பட்ட மெட்ரோ பாதையும் இருப்புப்பாதை 1875இல் தொடங்கிவைத்த மேற்கு நோக்கிய இழுப்பை மேலும் வலுப்படுத்துபவை. கிழக்கிலோ சரக்கு வண்டிகள் இப்போதும் கீழமாரட் வீதியில் வெங்காயம் இறக்குகின்றன. அந்த மண்டிகளை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குப் பெருந்திட்டம் எதிலும் நிலையான விடை இல்லை. வெளியே அனுப்பிவிடலாம் என்பதே இதுவரை மாநகராட்சிக்குத் தெரிந்த விடை. அப்படி அனுப்பினால் கிடைக்கும் இடத்தில் என்ன வரும் என்பதை, காய்கறிச் சந்தை போன இடத்தில் நிற்கும் வாகன நிறுத்துமிடத்தை வைத்தே ஓரளவு கணித்துவிடலாம்.